பேசாமல் நிற்கும் நேரம்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

வானொலியில் பேச வருகிறவரிடம் முதலில் சொல்லப்படுவது, நடுவில் பேச்சை நிறுத்திவிடாதீர்கள் என்பதுதான். ஐந்து விநாடி சத்தம் இல்லையென்றால், கேட்பவர் பெட்டி பழுதாகிவிட்டதோ என்று குமிழைத் திருகத் தொடங்கிவிடுவார். நான் இன்று பேச விரும்புவதோ அந்த ஐந்து விநாடியைப் பற்றித்தான். நாடக மேடையில் வசனம் இல்லாமல் நிற்கும் ஒருவர் அந்த நேரத்தில் என்ன செய்கிறார் என்பதைப் பற்றி.

நான் மேடை நடிகனாக வேண்டும் என்று ஒன்பது ஆண்டுகளாக முயன்றுகொண்டிருப்பவன். பகலில் வேறு வேலை. மாலையில் ஒத்திகை; ஒத்திகை இல்லாத மாலைகளில் எங்கே நாடகம் நடந்தாலும் அங்கே ஓர் இருக்கை. கணக்குப் பார்த்தால், மேடையில் நான் பேசிய நேரத்தைவிடப் பேசாமல் நின்ற நேரம் அதிகம். அரங்கில் உட்கார்ந்து பார்த்த நேரம் அவை இரண்டையும்விடப் பல மடங்கு அதிகம். எனக்குத் தெரிந்த நடிப்பில் பெரும்பகுதி இருக்கையில் உட்கார்ந்து கற்றதுதான்.

முதலில் கிடைத்த வேடம் காவலன். கையில் ஈட்டி, தலையில் அட்டைக் கவசம், வசனம் ஒன்றும் கிடையாது. அரசவைக் காட்சி நாற்பது நிமிடம் ஓடும். சிம்மாசனத்துக்கு இடப்புறம் நான் நிற்க வேண்டும். முதல் சில ஒத்திகைகளில் அசையாமல் நிற்பதையே என் கடமையாக நினைத்தேன். முழங்காலை விறைப்பாக வைத்து நெடுநேரம் நின்றால் தலை சுற்றும் என்பதைக்கூட அப்போதுதான் தெரிந்துகொண்டேன். காட்சியின் முடிவில் ஒரு சிறுவனைச் சிறையில் அடைக்கும்படி அரசன் ஆணையிடுவான். நான் போய் அந்தச் சிறுவனின் தோளைப் பிடித்து அழைத்துச் செல்ல வேண்டும். அவ்வளவுதான் என் வேலை.

நான்காவது ஒத்திகை முடிந்ததும் இயக்குநர் என்னை அழைத்தார். "தம்பி, அரசன் என்ன சொல்லப் போகிறான் என்பது உங்களுக்குத் தெரியும். காவலனுக்குத் தெரியாது. அவன் இன்றுதான் முதல்முறை கேட்கிறான்" என்றார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பிரதியை எடுத்து, அரசன் பேசும் இடங்களைக் காவலனின் காதால் படித்துப் பார்த்தேன். அரசன் முதலில் மழையைப் பற்றிப் பேசுகிறான், பிறகு வரியைப் பற்றி, பிறகு திருட்டைப் பற்றி. பேச்சு மெல்ல மெல்ல அந்தச் சிறுவனை நோக்கி வருகிறது. காவலன் எந்தச் சொல்லில் அதைப் புரிந்துகொள்கிறான்? "சிறை" என்ற சொல் வரும்போதா, அதற்கு முன்பேயா? ஒரு வசனமும் இல்லாத வேடத்துக்குள் இவ்வளவு கேள்விகள் இருக்கின்றன என்பதை அந்த இரவுதான் எனக்குக் காட்டியது.

ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி தம் நடிப்புப் பயிற்சி நூலில் ஒரு வகுப்புக் காட்சியை எழுதியிருக்கிறார். திரையின் மடிப்பில் குத்தி வைக்கப்பட்ட ஒரு நகையூசியைத் தேடும்படி மாணவி ஒருத்தியிடம் ஆசிரியர் சொல்கிறார். அவள் மேடை முழுவதும் ஓடுகிறாள், தலையில் கை வைக்கிறாள், பதறுகிறாள். முடிந்ததும் நன்றாக நடித்துவிட்ட மகிழ்ச்சி. "ஊசி எங்கே?" என்று ஆசிரியர் கேட்கிறார். ஊசியைத் தேடவே அவள் மறந்துபோயிருந்தாள். அதைக் கண்டுபிடிக்காவிட்டால் பள்ளியில் இடமில்லை என்று அவர் சொன்ன பிறகு, அவள் மெதுவாக, ஒவ்வொரு மடிப்பாக, உண்மையாகவே தேடுகிறாள். பார்ப்பவர்களுக்கு இப்போதுதான் மூச்சு நிற்கிறது. தேடுவதற்குச் சொன்ன இது கேட்பதற்கும் பொருந்தும். கேட்பதுபோல் முகத்தை வைத்துக்கொள்வதும் கேட்பதும் கடைசி வரிசை வரை வேறு வேறாகத் தெரியும்.

நான் ரசிகனாக நாடகம் பார்க்கும் முறையும் அதற்குப் பிறகு மாறிவிட்டது. பிடித்த நாடகத்தை மூன்று முறையாவது பார்ப்பேன். முதல் முறை கதைக்காக. இரண்டாம் முறை, பேசுபவரைப் பார்க்காமல், அவர் யாரிடம் பேசுகிறாரோ அவரை மட்டும் பார்ப்பேன். நேயர்கள் ஒருமுறை இப்படிப் பார்க்க வேண்டும் என்று மனமாரக் கேட்டுக்கொள்கிறேன். அதே நாடகம் இன்னொரு நாடகமாகத் திறந்துகொள்ளும். ஒரு குடும்ப நாடகத்தில் அண்ணனும் தங்கையும் சொத்துக்காகச் சண்டையிடும் காட்சி. பின்னால் ஒரு பணிப்பெண் துணி மடித்துக்கொண்டிருப்பார். முதல் நாள் நான் அவரைக் கவனிக்கவே இல்லை. இரண்டாம் நாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். சண்டை முற்ற முற்ற அவர் மடிக்கும் வேகம் குறைந்தது. தங்கை அந்த ஒரு சுடுசொல்லைச் சொன்னபோது, மடித்து முடித்த துணியைப் பிரித்து அவர் மறுபடி மடித்தார். சண்டை எவ்வளவு பெரியது என்பதை எனக்குச் சொன்னவை அந்தக் கைகள்தான்.

மூன்றாம் முறை கடைசி வரிசையில் உட்காருவேன். முன்வரிசையில் நடிகரின் மூச்சும் விரல் நுனியும் தெரியும். கடைசி வரிசையிலிருந்து பார்த்தால் முகம் ஒரு புள்ளி. தோள்தான் பேச வேண்டும். கவனம் கலைந்த நடிகரின் தோள் எவ்வளவு வெறுமையாக இருக்கும் என்பதை அங்கிருந்து பார்த்தால்தான் தெரியும். அரங்கில் இருமல் எப்போது எழுகிறது என்பதையும் அங்கே கவனித்திருக்கிறேன். மேடையில் யாரோ ஒருவர் கேட்பதை நிறுத்திய கணத்தில்தான் பெரும்பாலும் அது தொடங்குகிறது.

தொல்காப்பியர் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டைச் சொல்லி, அவற்றுக்கு மெய்ப்பாடு என்று பெயரிட்டார். மெய்யில் படுவது மெய்ப்பாடு. வாயில் வருவது என்று அவர் சொல்லவில்லை. ஜப்பானின் மரபு நாடகமான நோ நாடகத்தின் மேதை ஸெயாமி, நடிகர் எதுவும் செய்யாத இடமே சுவையாக இருக்கிறது என்று பார்வையாளர்கள் சொல்வதை எடுத்து எழுதி, செய்கைகளுக்கு இடையிலும் மனம் இறுகப் பிடித்திருப்பதால்தான் அந்தச் சுவை வருகிறது என்று விளக்குகிறார். பதினைந்தாம் நூற்றாண்டில் எழுதப்பட்டது அது. ஜெர்மானிய நாடகாசிரியர் ப்ரெக்டின் நாடகத்தில், மகனைச் சுட்டுக் கொல்லும் துப்பாக்கி ஓசையைக் கேட்கும் தாயாக நடித்த ஹெலனே வைகல், தலையைப் பின்னால் சாய்த்து வாயை அகலத் திறந்தார், குரல் வரவில்லை. 1949இல் பெர்லினில் மேடையேறிய நாடகம். அந்தச் சத்தமில்லாத அலறலின் புகைப்படத்தைப் பார்த்தாலே இன்றும் நெஞ்சு அடைக்கிறது.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மேடையின் அளவு இருக்கிறது: இருபத்து நான்கு விரல் கொண்ட கோலால் ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். உள்ளே வரவும் வெளியே போகவும் இரண்டு வாயில். மூன்று வகைத் திரை. இவற்றுக்கெல்லாம் மேலாக என் மனத்தைத் தொடுவது, தூணின் நிழல் அரங்கில் விழாமல் புறத்தே போகும்படி விளக்கு வைக்கப்பட்டது என்ற செய்திதான். எனக்கு அதில் மூலையில் நிற்பவன்மீது வைத்த அக்கறை தெரிகிறது. நடுவில் ஆடுபவருக்கு மட்டும் வெளிச்சம் போதும் என்றிருந்தால், தூண் நிழலைப் பற்றி யார் கவலைப்பட்டிருப்பார்கள்?

வேடம் கிடைக்காத காலங்களில் பக்கத்திரைக்குப் பின்னால் பிரதியோடு உட்கார்ந்து வசனம் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். மேடை ஆசை உள்ள எவரும் ஓராண்டாவது இந்த வேலையைச் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இதில் கடினமானது, நடிகர் பேச்சை நிறுத்தும்போது அது மறதியா நடிப்பா என்று அறிவது. ஒரு மூத்த நடிகர் இறந்துபோன மனைவியின் பெயரைச் சொல்வதற்கு முன் நிறுத்தினார். ஒத்திகையில் அந்த நிறுத்தம் இருந்ததில்லை. நான் பயந்துபோய்ப் பெயரைச் சொல்லிவிட்டேன். முன் இரண்டு வரிசைக்கும் கேட்டது. அவர் அதே மென்மையோடு காட்சியை முடித்துவிட்டு உள்ளே வந்து, "தம்பி, நான் மறக்கவில்லை. அந்தப் பெயரைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை" என்றார். நான் அழுதுவிட்டேன். அவர் என் தோளைத் தட்டிவிட்டு அடுத்த காட்சிக்கு உடை மாற்றப் போனார்.

பிறகு மெல்லக் கற்றுக்கொண்டேன். மறந்தவரின் மூச்சு நின்றுவிடும். கண், எதிரில் இருப்பவரை விட்டு விலகி எங்கோ தேடும். நடிப்பவரின் மூச்சு ஓடிக்கொண்டிருக்கும். கண் இருந்த இடத்திலேயே இருக்கும். பிரதியைவிட மூச்சைக் கவனித்தவனே நல்ல உதவியாளன்.

பகல் வேலையோடு நாடகத்தைச் சுமப்பது கடினம்தான். உறவினர் திருமணங்கள் தவறிப்போகும், விடுப்பெல்லாம் மேடையேற்ற நாட்களில் கரைந்துவிடும். அப்படித் தளரும் நாட்களில் பம்மல் சம்பந்த முதலியாரை நினைத்துக்கொள்வேன். 1891இல் நண்பர்களோடு சுகுண விலாச சபையைத் தொடங்கி, வழக்கறிஞராக வேலை பார்த்துக்கொண்டே நாடகம் எழுதி, நடித்து, பிற்காலத்தில் நீதிபதியாகவும் இருந்தவர். மாலை நேரம் என்பது எவ்வளவு பெரியது என்று அவர் வாழ்க்கையைப் பார்த்தால் தெரியும்.

ஒரு குழுவில் எனக்குச் சொல்லியிருந்த வேடம், ஒத்திகை தொடங்கிய இரண்டாம் வாரத்தில் வேறொருவருக்குப் போயிற்று. காரணம் சொல்லப்படவில்லை. வலித்தது. ஆனாலும் முதல் நாளே டிக்கெட் எடுத்துப் போய்ப் பார்த்தேன். அவர் என்னைவிட நன்றாகக் கேட்டார். எதிரில் இருந்தவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அவர் முகத்தில் வந்து இறங்குவதைப் பார்த்தேன். மறுநாளும் போனேன்.

அந்தக் காவலன் வேடத்தைப் பதினொரு முறை மேடையில் செய்தேன். எட்டாவது நாளோ ஒன்பதாவது நாளோ, ஒப்பனையைக் கலைத்துவிட்டு வெளியே வந்தபோது ஓர் அம்மையார் தம் பேரனோடு வாயிலில் நின்றிருந்தார். பேரன்தான் என்னை அடையாளம் கண்டான். "நீங்கள் ஏன் அந்தப் பையனைப் பிடிக்க வரும்போது மெதுவாக வந்தீர்கள்?" என்று கேட்டான். நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. அவன் கேள்வியை மட்டும் அன்றே குறிப்பேட்டில் எழுதி வைத்துவிட்டேன்.

இப்போது ஒரு புதிய நாடகத்தில் இளைய மகன் வேடம் கிடைத்திருக்கிறது. வசனம் உண்டு, பதினான்கு வரிகள். ஆனால் என் மனம் முழுவதும் இரண்டாம் அங்கத்தில் இருக்கிறது. தூரத்திலிருந்து வந்த ஒரு கடிதத்தைத் தாய் உரக்கப் படிக்கிறாள். அந்த நான்கு நிமிடமும் எனக்குப் பேச்சு இல்லை. தரையில் உட்கார்ந்து அறுந்த செருப்பைத் தைத்துக்கொண்டிருக்கிறேன். நேற்றைய ஒத்திகையில், தாயாக நடிப்பவர் இதுவரை நிறுத்தாத ஓர் இடத்தில் நிறுத்தினார். என்னை அறியாமல் ஊசியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தேன். இயக்குநர் ஒன்றும் சொல்லவில்லை. ஒத்திகையை நிறுத்தவும் இல்லை.

இந்த நிலையத்திலிருந்து நேராக ஒத்திகைக்குத்தான் போகிறேன். அந்தக் கடிதத்தை அவர் இன்று மறுபடியும் படிப்பார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று இளைய மகனுக்கு இன்னும் தெரியாது.

வணக்கம்.