சோறு போட்டால் போதுமா? கொழும்புக் கடை முதலாளிகளுக்கு ஒரு கணக்கு

[காட்சி: காலை எட்டு மணி. புறக்கோட்டை, கெய்சர் வீதி. ஷட்டர்கள் ஏறும் சத்தம். தலைச்சுமையோடு ஒரு நாட்டாமி கூட்டத்துக்குள் புகுந்து போகிறார்.]

வணக்கம். புறக்கோட்டையில் எந்த முதலாளியிடமும் கேட்டுப் பாருங்கள், கடைப் பொடியன்களை எப்படி வைத்திருக்கிறீர்கள் என்று. "என் பிள்ளைகள் மாதிரி" என்பார். அநேகமாக அது பொய்யும் இல்லை. மூன்று வேளைச் சாப்பாடு, மேல்மாடியில் படுக்க இடம், தீபாவளிக்குப் புது உடுப்பு, ஊரில் அம்மாவுக்குச் சுகமில்லை என்றால் கைச்செலவுக்குக் காசு. சரி, அந்தப் பிள்ளைக்கு நியமனக் கடிதம் கொடுத்தீர்களா என்று கேளுங்கள். பேச்சு உடனே வியாபாரம் மந்தம் என்ற பக்கம் திரும்பிவிடும்.

[காட்சி: ஒரு கொப்பித் தாள். பேனாவால் எண்கள் எழுதப்படுகின்றன.]

ஒரு கணக்குப் போடுவோம். ஹட்டன் பக்கமிருந்து ஒரு பொடியன் வருகிறான். சம்பளம் 36,000 ரூபாய் என்று வையுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு, அதாவது நாம் ஈ.பி.எஃப் என்று சொல்வதற்கு, அவன் சம்பளத்தில் 8 வீதம் கழிக்க வேண்டும்: 2,880. முதலாளி தன் பங்காக 12 வீதம் போட வேண்டும்: 4,320. ஆக மாதம் 7,200 ரூபாய் அவன் பெயரில் சேரும். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் சொல்வது இது. ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு இன்னொரு 3 வீதம், 1,080 ரூபாய். அது முழுக்க முதலாளி தலையில்.

அவன் பன்னிரண்டு வருடம் வேலை செய்தான், சம்பளம் ஒரு சதம்கூட ஏறவில்லை என்றே வைப்போம். 144 மாதம். 7,200ஐ அதால் பெருக்கினால் 10 லட்சத்து 36 ஆயிரத்து 800 ரூபாய். வட்டி தனி. பிள்ளை மாதிரி வளர்த்த பொடியன் கல்யாணம் முடித்து ஊருக்குப் போகும்போது இந்தக் காசு கணக்கில் இருக்கும், அல்லது ஒரு சாரமும் ஒரு கட்டு நோட்டும் கையில் இருக்கும்.

கடையில் 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் பணிக்கொடையும், அதாவது வேலையை விட்டுப் போகும்போது கொடுக்கும் தொகையும், உண்டு. ஐந்து வருடம் முடித்தவருக்கு, வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். நம்முடைய பொடியனுக்கு 2 லட்சத்து 16 ஆயிரம்.

[காட்சி: சம்பளச் சீட்டு ஒன்றின் நெருக்கக் காட்சி. "அடிப்படை", "இதர கொடுப்பனவு" என்ற வரிகள்.]

இனி தந்திரங்கள். முதலாவது, "இப்போதைக்கு டிரெய்னிங்தானே." பயிற்சியாளரோ, தற்காலிகமோ, நாட்கூலியோ, சேமலாப நிதி முதல் நாளிலிருந்தே உண்டு. ஒரே ஒரு ஊழியர் இருந்தாலும் உண்டு. இரண்டாவது, சம்பளத்தை உடைப்பது. அடிப்படை 20,000, மிச்சம் 'அலவன்ஸ்'. சட்டம் அதையும் யோசித்துத்தான் எழுதியிருக்கிறது. வாழ்க்கைச் செலவுப் படி போன்றவையும் வருமானத்தில் சேரும். ஓவர்டைம் சேராது.

இதைக் கேட்டால் சிரிப்பீர்கள்: முதலாளி போடும் சாப்பாட்டின் பணப்பெறுமதியும் வருமானம் என்கிறது அந்தச் சட்டம். "சோறு போடுகிறேனே" என்ற பெருமைக்கும் 12 வீதம் இருக்கிறது!

அடிமட்டச் சம்பளத்தையும் பாருங்கள். தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ஆனது, 2026 ஜனவரியிலிருந்து 30,000.

[காட்சி: இரவு. கடை மூடிய பிறகும் உள்ளே வெளிச்சம். பொடியன்கள் சரக்கு அடுக்குகிறார்கள்.]

நேரம். கடை, அலுவலக ஊழியர் சட்டம் 1954இல் வந்தது. நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 45. மேலதிக வேலை வாரத்துக்கு 12 மணிக்கு மேல் போகக் கூடாது, அதற்கு ஒன்றரை மடங்கு. மாதத்துக்கு 240 மணி என்ற கணக்கில் 36,000ஐ வகுத்தால் மணிக்கு 150, ஓவர்டைம் 225. வாரம் ஒன்றரை நாள் லீவு. அப்புறம், கடைக்கு மேலேயே படுக்கிற பொடியனுக்கு எப்போது வேலை முடிகிறது? ஷட்டர் இறங்கிய பிறகு லொறி வந்தால் இறங்கி வர வேண்டியவன் அவன்தான். அந்த மணியை யாரும் எழுதி வைப்பதில்லை. என்னைக் கேட்டால், ஒரு சாதாரண வரவுக் கொப்பி, வந்த நேரம், போன நேரம், பக்கத்தில் அவன் கையெழுத்து, இதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

[காட்சி: வெள்ளவத்தையில் ஒரு புடவைக் கடை. நின்றுகொண்டே புடவை விரிக்கும் பெண்கள்.]

புடவைக் கடைப் பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை. நாள் முழுக்க நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் 2021இல் சட்டத்தைத் திருத்தி, கடை ஊழியர்களுக்கு இருக்கை வைக்கச் சொன்னார்கள். இங்கே அப்படி ஒரு வாங்கு போட யாரும் தடுக்கவில்லையே? வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் அவர்கள் உட்கார்ந்தால் வியாபாரம் படுத்துவிடாது.

முதலாளிகளின் நியாயமான கேள்வி ஒன்று உண்டு. "பக்கத்துக் கடைக்காரர் கட்டுவதில்லை. நான் மட்டும் கட்டினால் விலையில் எப்படி நிற்பது?" ஐந்து பேருக்கு, இரண்டு நிதிக்கும் சேர்த்து, முதலாளி பங்கு மாதம் 27,000 ரூபாய் வருகிறது. சின்னக் காசு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கடை வாடகையை யாரும் கட்டாமல் விட்டு விலையைக் குறைப்பதில்லை. கட்டாமல் விட்டால் கடன் அழியவும் அழியாது. சேமலாப நிதி பிந்தினால் மிகைக் கட்டணம் 5 வீதத்தில் தொடங்கி 50 வீதம் வரை ஏறும்.

கட்டுநாயக்க ஆடைத் தொழிற்சாலைகளுக்கு ஊழியர்களை எப்படி நடத்துகிறார்கள் என்று பார்க்க வெளிநாட்டு வாங்குபவர்கள் ஆடிட் அனுப்புகிறார்கள். கெய்சர் வீதிக்கு அப்படி ஒருவரும் விமானம் ஏறி வரமாட்டார்.

[காட்சி: நாரஹேன்பிட்டி, தொழில் திணைக்களத்தின் உயரமான கட்டடம். பிறகு மேசையில் ஒரு வெற்றுப் படிவம்.]

பதிவு செய்யாதவர்கள் நாரஹேன்பிட்டி தொழில் திணைக்களத்தில் பதியலாம். ஊழியர்கள் முறைப்பாடு கொடுப்பதும் அங்கேதான். போகும்போது பொடியன்களின் அடையாள அட்டைப் பிரதிகளைக் கையோடு கொண்டுபோங்கள். அவர்களின் முழுப் பெயர் உங்களுக்குத் தெரியுமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். "தம்பி", "குட்டி" என்று எழுதினால் படிவத்தை எடுக்கமாட்டார்கள்.