கம்பஸுக்கு பஸ்ஸில் போகிற பிள்ளை

நேயர்களுக்கு வணக்கம். பிள்ளைக்குப் பதினெட்டு வயதானதும் லைசன்ஸ் எடுத்துக் கொடுத்து, கம்பஸ் போய்வர ஒரு காரும் வாங்கிக் கொடுத்துவிட்டால் பெற்றோர் கடமை முடிந்தது என்று கொழும்பில் பலருக்கு ஒரு நினைப்பு. கார் வாங்க வசதி இல்லாதவர்களுக்கும் அதே நினைப்புத்தான், அதுதான் வேடிக்கை. பஸ்ஸில் போகிற பிள்ளையைக் கண்டால் 'பாவம்' என்கிறோம். அப்படி என்ன பாவம் என்று இன்று கொஞ்சம் பேசலாம்.

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் இருக்கிற பிள்ளை ஒருத்தி மொரட்டுவைப் பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டாள். தகப்பன் என்னிடம் வந்தார். "சேர், ஒரு பழைய கார் பார்க்கட்டா?" 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய காருக்கும் யானை விலை சொன்ன காலம் அது. நான் கேட்டேன்: "காலையில் காலி வீதியில் சனம் எந்தப் பக்கம் போகுது?" பாணந்துறை, மொரட்டுவைச் சனமெல்லாம் கோட்டைப் பக்கம் வருகிறது. இந்தப் பிள்ளை போவது எதிர்ப்பக்கம். 100 அல்லது 101 இலக்க பஸ்ஸில் ஏறினால் இருக்க இடம் கிடைக்கும். கட்டுபெத்தைச் சந்தியில் இறங்கி, கல்கிசையிலிருந்து கொட்டாவைக்குப் போகிற 255ஐப் பிடித்தால் கம்பஸ் வாசல். புவியியல் படிப்பித்தவன் நான், எங்கு போனாலும் திசை பார்க்காமல் விடமாட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சரி, மனிதர் ஒத்துக்கொண்டார். ஆனால் மனம் கேட்கவில்லை. முதல் கொஞ்ச நாள் மகள் ஏறின பஸ்ஸுக்குப் பின்னால் ஸ்கூட்டரில் தெஹிவளை வரை போயிருக்கிறார்! சிக்னலில் பஸ் நின்றால் யன்னலை எட்டிப் பார்ப்பாராம். மகள் மற்றப் பக்கம் திரும்பிக்கொள்வாளாம். கடைசியில் கொண்டக்டர் கவனித்துவிட்டார். யாரோ பிள்ளைக்குத் தொல்லை கொடுக்கிறான் என்று நினைத்து, மிதிபலகையில் நின்றபடி சிங்களத்தில் ஒரு பிடி பிடித்தார். உள்ளே இருந்து மகள், "அது எங்க அப்பா!" என்று கத்த, பஸ் முழுக்கச் சிரிப்பு. மறுநாள் அதே கொண்டக்டர் தனக்குத் தெரிந்த தமிழில், "ஐயா வீட்டுக்குப் போங்க, மகள் போவா" என்று கை காட்டி அனுப்பினாராம். ஸ்கூட்டர் அன்றோடு நின்றது.

பஸ் நல்லது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் நேயர்கள் என்னைத் திட்டுவீர்கள். வெள்ளவத்தைச் சந்தையடியில் பஸ் ஏன் அசையாமல் நிற்கிறது? அப்புறம் தெஹிவளைப் பாலத்தில் ஏன் அப்படிப் பறக்கிறது? டிரைவர் கெட்டவர் என்பதாலா? எனக்கு இதைப் பேசத் தொடங்கினால் நிறுத்த வராது. தனியார் பஸ்ஸில் முதலாளிக்குப் போக வேண்டியது போய், டீசல் காசும் போய், மிஞ்சுகிற அன்றைய வசூலில்தான் டிரைவருக்கும் கொண்டக்டருக்கும் கூலி. ஆள் சேரும்வரை ஊர வேண்டும். பின்னால் இன்னொரு பஸ் தெரிந்தால், அடுத்த ஹோல்டில் நிற்கிற ஆட்களை அவன் அள்ளுவதற்கு முன் ஓட வேண்டும். அதனால்தான் மூன்று பஸ் ஒன்றாக வருகிறது, பிறகு ஒன்றுமே இல்லை. 1958இல் பஸ்களை அரசு எடுத்தது, 1979இல் தனியாரை மறுபடி விட்டது. வசூலுக்காக ஓடுகிற இந்த முறை மட்டும் இன்னும் மாறவில்லை. படிக்கிற பிள்ளைக்குப் பறக்கிற பஸ் வேண்டாம். எத்தனை மணிக்கு வரும் என்று தெரிந்தால் போதும். பரீட்சை நாளில் வீட்டிலிருந்து எப்போது கிளம்புவது என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறோம்.

மாலபேயில் படிக்கிற பிள்ளைகளுக்கும் இதே கதை. கோட்டைக்கு இலகு ரயில் வரும் என்றார்கள், 2020இல் அதைக் கைவிட்டார்கள். பிள்ளைகள் இன்னமும் 177இல் தொங்குகிறார்கள். மறுபடி சொல்கிறேன், வரும் நேரம் தெரிந்தால் போதும்.

கார் இருந்தால் இந்தக் கவலை இல்லை என்பீர்கள். 2022 ஞாபகம் இருக்கிறதா? பெற்றோல் வரிசையில் விடிய விடிய நின்றோம். எரிபொருள் பங்கீட்டுக்கான கியூஆர் குறியீட்டைக் காட்டினால் காருக்கு வாரம் 20 லீற்றர். அந்த நாட்களில் பஸ்ஸில் போகப் பழகியிருந்த பிள்ளைதான் வீட்டில் மற்றவர்களுக்கு வழி சொன்னாள்.

நேரம் முடிகிறது என்று ஸ்டூடியோக் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கை காட்டுகிறார்கள். ரயிலைப் பற்றி எழுதி வந்த இரண்டு பக்கமும் என் கையிலேயே இருக்கிறது. ஒன்று மட்டும்: மாணவருக்குச் சலுகை விலையில் ரயில் சீசன் டிக்கெட் உண்டு, கேட்டு எடுங்கள். அரசாங்க பஸ் சீசன் தனியார் பஸ்ஸில் செல்லாது, அதையும் பிள்ளைக்குச் சொல்லிவையுங்கள்.

இன்னொன்று, இதற்குத்தான் நிறைய நேரம் வைத்திருக்க வேண்டும். நெரிசலில் யாராவது கை வைத்தான் என்று பிள்ளை வந்து சொன்னால், "அதுக்குத்தான் கார் வாங்கச் சொன்னேன்" என்று தொடங்காதீர்கள், முதலில் முழுக்கக் கேளுங்கள். பஸ்ஸிலேயே சத்தம் போடலாம், கொண்டக்டரைக் கூப்பிடலாம் என்று சொல்லிக்கொடுங்கள். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, பொலிஸ் 119. இரண்டையும் போனில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். வணக்கம்.