இரண்டு மணி நேரம் எங்கே போனது?

(ஜவுளி, மளிகைக் கடை ஊழியர்களின் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். கூட்டம் இரவு 10 மணிக்கு என்றதும் என் மனைவி, "இதென்ன, தெருக்கூத்தா?" என்று கேட்டார். என்ன செய்வது? ஷட்டரை இறக்கி, பிரித்துப் போட்ட சேலைகளை மடித்து வைத்த பிறகுதானே நீங்கள் வெளியே வர முடிகிறது. அதனால் சுருக்கமாகவே பேசுகிறேன். பின்னால் நிற்பவர்கள் முன்னால் வந்து உட்காருங்கள். பாய் நிறையக் கிடக்கிறது.

முதலில் ஒரு கணக்கு. பில் போடுகிறவர்கள் இருக்கிறீர்கள், தப்பு இருந்தால் சொல்லுங்கள். காலை 9.30-க்குக் கடைக்குள் நுழைகிறீர்கள், இரவு 9.30-க்கு வெளியே வருகிறீர்கள். 12 மணி நேரம். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-இல் வந்தது. ஒருவரைக் கடையில் வைத்திருப்பதற்கு அது போடும் உச்ச எல்லையே, இடைவேளையையும் சேர்த்து, அந்த 12 மணி நேரம்தான். அதற்குள் வேலை 8 மணி நேரம். கூடுதல் சம்பளம் கொடுத்து ஓவர்டைம் வாங்கினாலும் ஒரு நாளைக்கு மொத்தம் 10 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. அப்படியென்றால் ஓவர்டைம் பார்க்கிற நாளில்கூட 2 மணி நேரம் உங்களுடையது. ஓவர்டைம் இல்லாத நாளில் 4 மணி நேரம். சிரிக்கிறீர்கள். நான் சொல்வது சட்டம், நகைச்சுவை இல்லை.

இன்னொன்றும் அதில் உண்டு. 4 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்க வேண்டுமென்றால், குறைந்தது 1 மணி நேரம் ஓய்வு கொடுத்திருக்க வேண்டும். தொழிற்சாலைச் சட்டத்தில்கூட 5 மணி நேரத்துக்கு அரை மணிதான். அந்தப் பழைய தொழிற்சாலைச் சட்டம் இப்போது புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டத்துக்குள் போய்விட்டது, அது வேறு கதை. கடைச் சட்டம் மாநிலத்தின் சட்டம். அதில் உங்கள் 1 மணி நேரம் அப்படியே இருக்கிறது.

சரி, கிடைக்கிறதா? உங்களில் பலரிடம் கேட்டேன். "சாப்பிட விடுறாங்க சார்" என்கிறீர்கள். எப்படி விடுகிறார்கள்? முதல் பந்தி, இரண்டாம் பந்தி என்று பிரித்து மாடிக்கு அனுப்புகிறார்கள். ரசத்துக்கு வரும்போதே மைக்கில் பெயர் கேட்கிறது. கையைக் கழுவிவிட்டு ஓடுகிறீர்கள். முதலாளியிடம் கேட்டால், சாப்பாட்டு நேரம் கொடுத்தேனே என்பார். கூப்பிட்டால் எழுந்து ஓட வேண்டிய நேரத்தை இடைவேளை என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதுவும் வேலை நேரம்தான், கையில் சோறு இருந்தது, அவ்வளவுதான்.

நான் தொழிலாளர் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். என் மேலேயே ஒரு குறை இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். 2021-இல் நம் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார, எல்லா ஊழியருக்கும் இருக்கை இருக்க வேண்டும். அதற்குப் பிறகு ஒரு பெரிய கடைக்கு ஆய்வுக்குப் போனேன். ஒவ்வொரு கவுண்டருக்குப் பின்னாலும் ஸ்டூல் இருந்தது. திருப்தியாக எழுதிக்கொண்டேன். இறங்கி வரும்போது ஒரு ஸ்டூலில் கை வைத்தேன், விரலெல்லாம் தூசி. பக்கத்தில் நின்ற பெண் என்னைப் பார்த்தார், சூப்பர்வைசரைப் பார்த்தார், சேலையை மடிக்க ஆரம்பித்துவிட்டார். நான் எழுதியதை மாற்றவில்லை. அன்றைக்கு இன்னும் மூன்று கடை பாக்கி இருந்தது.

நமக்கு முன்பே, 2018-இல், கேரளம் இந்தத் திருத்தத்தைச் செய்தது. சும்மா வந்துவிடவில்லை. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை பார்த்த விஜி என்பவரும், அவர் கட்டிய பெண்கூட்டு அமைப்பும் வருடக்கணக்கில் போராடினார்கள். அவர்கள் முதலில் கேட்டது நாற்காலி இல்லை, கழிப்பறை. கழிப்பறை இல்லாத இடத்தில் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிடுவார்கள். இங்கே தலையாட்டுகிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. போக இடம் இல்லை, உட்கார இடம் இல்லை என்றால் ஒரு மணி நேரம் கொடுத்தும் அதை வைத்து என்ன செய்வது?

சோற்று நேரத்துக்காகக் குரல் கொடுப்பது நம் ஊருக்குப் புதிதும் இல்லை. 1918 ஏப்ரல் 27-இல் பெரம்பூர்ப் பக்கம் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடு எல்லோரும் அதில் இருந்தார்கள். பக்கிங்காம் கர்னாடிக் பஞ்சாலைத் தொழிலாளர்களுக்கு அப்போது இருந்த பெரிய மனக்குறைகளில் ஒன்று, மதியச் சாப்பாட்டுக்கு அரை மணிதான் என்பது. அதை 40 நிமிடமாக்கச் சொன்னார்கள். கேட்டது 10 நிமிடம்! இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று பலரும் சொல்கிற சங்கத்தின் ஆரம்ப நாள் கோரிக்கை அது.

ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் எப்படி ஆளை விடுவது என்று கேட்கிற முதலாளிகள் உண்டு. அவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் கூட்டம் வரும் என்பது ஆடிக்கு முன்பே தெரியும். ஸ்டாக்குக்கு முன்கூட்டி ஏற்பாடு செய்பவர், மாற்று ஆளுக்கும் செய்யலாமே.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. சாப்பிட உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம் இரண்டையும் தினமும் குறித்து வையுங்கள். "சாப்பிட விடுவதில்லை சார்" என்று வாயால் சொன்னால் அலுவலகத்தில் ஒன்றும் நகராது. எனக்குத் தெரியும், அந்த நாற்காலியில் நான் இருந்திருக்கிறேன். போன மாதம் ஒரு தங்கை தினசரி காலண்டரில் கிழித்த தாள்களை ரப்பர் பேண்ட் போட்டுக் கொண்டுவந்தார். ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலில் நிமிடக் கணக்கு. 22, 18, 25, முகூர்த்த நாளில் 9. ஒரு தாளில் வெறும் கோடு. என்னம்மா இது என்றேன். "அன்னைக்கு டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்ல சார்" என்றார். அந்தத் தாள்களை வைத்து மனு எழுதியிருக்கிறோம். திங்கட்கிழமை தொழிலாளர் துறை அலுவலகத்தில் கொடுக்கிறோம். கையெழுத்துப் போட விரும்புகிறவர்களுக்காகத் தாள் அந்த மேசையில் இருக்கிறது. பேனாவும் இருக்கிறது.