தெர்னாத்தே: கப்பலேறி வந்த ஊர்ப்பெயர்

நேயர்களுக்கு வணக்கம்.

பிலிப்பைன்ஸில், மணிலா வளைகுடாவின் வாய்ப்பக்கம், தென்கரையில், கவித்தே மாகாணத்தில் தெர்னாத்தே என்றொரு சிற்றூர் இருக்கிறது. மரகொண்டோன் ஆறு கடலில் கலக்கிற இடம். இந்தப் பெயருக்கு அந்த வட்டாரத்து மொழியான தகாலோகிலும் பொருள் இல்லை, ஸ்பானிய மொழியிலும் இல்லை. தெற்கே வெகுதொலைவில், இன்றைய இந்தோனேசியாவின் மலுக்குப் பகுதியில் உள்ள ஓர் எரிமலைத் தீவின் பெயர் அது.

பிரியாணிக்குத் தாளிக்கும்போது எண்ணெயில் உப்பிப் பொரிகிறதே கிராம்பு, அது ஒரு காலத்தில் உலகத்திலேயே அந்தத் தெர்னாத்தேயிலும் அக்கம்பக்கத்துச் சில தீவுகளிலும் மட்டும்தான் விளைந்தது. அதற்காகவே போர்த்துக்கீசியர் 1512இல் அங்கே போய்ச் சேர்ந்தார்கள், கோட்டை கட்டினார்கள். 1575இல் சுல்தான் பாபுல்லா அவர்களை விரட்டினார். 1606இல் மணிலாவிலிருந்து ஸ்பானியர் வந்து அந்தக் கோட்டையைப் பிடித்தார்கள். இத்தனை கைமாற்றங்களுக்கு நடுவே, கோட்டையை அண்டி ஒரு கிறித்தவச் சமூகம் வளர்ந்தது. அவர்களை மெர்திக்கா என்று அழைத்தார்கள்.

மலேசிய நேயர்களுக்கு இந்தச் சொல் உடனே பிடிபட்டிருக்கும். ஆண்டுதோறும் மலேசிய விடுதலை நாளான ஆகஸ்ட் 31 அன்று முழங்குகிற அதே 'மெர்டேக்கா'தான். செல்வமும் சிறப்பும் உடையவர் என்று பொருள்படும் 'மஹர்த்திக' என்ற வடசொல், மலாயில் நுழைந்து, அடிமைத்தளை இல்லாதவர் என்று பொருள் மாறியது.

1662இல் தைவானில் டச்சுக்காரரைத் தோற்கடித்த சீனத் தளபதி கொக்சிங்கா, கப்பம் கட்டச் சொல்லி மணிலாவுக்கு ஆள் அனுப்பினார். நகரைக் காக்கப் படை போதாது என்று ஸ்பானியர் பதறி, மலுக்குக் கோட்டைகளைக் காலி செய்ய உத்தரவிட்டார்கள். கொக்சிங்காவோ அதே ஆண்டு ஜூனிலேயே இறந்துபோனார். படையெடுப்பு வரவே இல்லை. ஆனாலும் 1663இல் கோட்டைகள் கைவிடப்பட்டன. மெர்திக்கா மக்களும் ஸ்பானியரோடு கிளம்பிவிட்டார்கள். வராத ஒரு போருக்காகப் பிறந்த மண்ணை விட்டவர்கள் என்பது எப்போது நினைத்தாலும் என் மனதைப் பிசைகிறது.

முதலில் மணிலாவை ஒட்டித் தங்கினார்கள். பிறகுதான் இந்த ஆற்றுமுகம். அப்போது இதற்கு 'பார்ரா தெ மரகொண்டோன்' என்று பெயர். ஸ்பானியத்தில் பார்ரா என்றால் ஆற்றுவாயில் மணல் திரண்டு கிடக்கும் திட்டு. 19ஆம் நூற்றாண்டில் தனி ஊரானபோது, விட்டுவந்த தீவின் பெயரே ஊருக்கு நிலைத்தது. தீவிலிருந்து கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் குழந்தை இயேசுவின் திருவுருவம் இன்றும் ஊர்க்கோயிலில் இருக்கிறது.

அவர்கள் பேச்சுதான் எனக்கு மிகப் பெரிய வியப்பு. அது, ஸ்பானியமும் பிலிப்பைன்ஸ் மொழிகளும் கலந்து பிறந்த சவக்கானோ மொழியின் ஒரு வகை. சொற்களில் பெரும்பாலானவை ஸ்பானியம். ஆனால் பாடு என்ற வினைக்கு ஸ்பானியத்தில் எத்தனை விகுதிகள்! இவர்களுக்கு 'கந்தா' ஒன்றே போதும். முன்னால் 'யா' போட்டால் பாடியாயிற்று, 'தா' போட்டால் பாடிக்கொண்டிருப்பது, 'தி' போட்டால் இனிப் பாடப்போவது. வாக்கியத்தில் முதலில் வருவதும் தகாலோகைப் போல வினைதான். இளையவர்கள் தகாலோகுக்கு மாறிவருவதால் பேசுவோர் குறைந்துகொண்டே போகிறார்கள்.

இந்தப் பேச்சை ஊர்க்காரர்கள் சவக்கானோ என்று அழைப்பதைவிட 'பாஹ்ரா' என்பதே வழக்கம். ஊருக்குத் தீவின் பெயர். நாவில் இருக்கும் மொழிக்கு, வந்து குடியேறிய அந்த மணல்திட்டின் பெயர்.

நன்றி, வணக்கம்.