கருவேலத்துக்கு மூன்றாவது பெயர்

அவையோருக்கு வணக்கம். ஒரு கருவேலங்கிளையை நினைத்துக்கொள்ளுங்கள். இலைக்காம்பின் அடியில் இரட்டை இரட்டையாக வெள்ளை முள், மஞ்சள் பந்தாகப் பூ. லின்னேயஸ் 1753இல் இதற்கு வைத்த பெயர் மிமோசா நிலோட்டிகா. 1813இல் டெலில் என்ற தாவரவியலாளர் அதை அகேசியா என்ற பேரினத்தில், அதாவது நெருங்கிய இனங்களின் தொகுப்பில், சேர்த்து அகேசியா நிலோட்டிகா ஆக்கினார். நாம் படித்த பெயர் அதுதான். 2008 முதல் அது வேச்சிலியா நிலோட்டிகா. "இந்தத் தாவரவியலாளர்களுக்கு வேறு வேலை இல்லையா?" என்று கேட்கத்தான் தோன்றும்.

பழைய அகேசியா, சுமார் 1,350 இனங்களைத் திணித்த மூட்டை. பூவில் கேசரங்கள் (மகரந்தத் தாள்கள்) ஏராளமாக, ஒன்றோடொன்று ஒட்டாமல் இருந்தால் அகேசியா; அடியில் குழலாக ஒட்டியிருந்தால் வாகை, கொடுக்காப்புளிக் கூட்டம். டி.என்.ஏ.வை ஒப்பிட்டபோது இந்த அடையாளம் காலை வாரிவிட்டது. ஆஸ்திரேலிய அகேசியாக்கள் கருவேலத்தைவிட வாகைக் கூட்டத்துக்கே நெருங்கிய சொந்தம். ஒரு பேரினம் என்றால் ஒரே மூதாதையின் வாரிசுகள் எல்லாம் அதற்குள் வர வேண்டும். அப்படியானால் கொடுக்காப்புளியையும் அகேசியா ஆக்க வேண்டும்; இல்லையேல் மூட்டையைப் பிரிக்க வேண்டும். பிரித்தார்கள். இரட்டை முள் உள்ளவை வேச்சிலியா. கொக்கி முள் உள்ள சீகைக்காய் செனகாலியாவுக்குப் போனது.

அதுவரை அறிவியல். அப்புறம் நடந்தது பாகப்பிரிவினை. அகேசியா என்ற பெயர் யாருக்கு? ஒரு பேரினப் பெயருக்கு அடையாளமாகக் குறித்துவைத்த இனம்தான் வகைமாதிரி; அது எந்தப் பிரிவில் இருக்கிறதோ, அதற்கே பெயர் என்பது விதி. வகைமாதிரி நம் கருவேலம். ஆனால் ஆஸ்திரேலியப் பிரிவில் 900க்கு மேற்பட்ட இனங்கள்; அத்தனைக்கும் பெயர் மாற்றுவதா என்று வகைமாதிரியையே மாற்றக் கோரினார்கள். தாவரப் பெயர்களைப் பரிசீலிக்கும் குழுவும் அதைப் பரிந்துரைத்தது. 2005இல் வியன்னாவில் நடந்த பன்னாட்டுத் தாவரவியல் மாநாட்டில் 54.9 சதவீத வாக்குகள் பரிந்துரைக்கு எதிராக விழுந்தன. அதைத் தள்ளுபடி செய்ய 60 சதவீதம் தேவை! பெரும்பான்மை தோற்றது. 2011 மெல்போர்ன் மாநாடும் அதையே உறுதிசெய்தது. நீலகிரிப் புல்வெளியை விழுங்கிய வாட்டில் என்ற ஆஸ்திரேலிய மரம் இன்றும் அகேசியா, கருவேலம் இல்லை. விதிப்படி சரி, எனக்கு நெருடல்தான்.

வேச்சிலியா புதுப்பெயரும் அல்ல. ராபர்ட் வைட்டும் ஆர்னட்டும் 1834இல், தென்னிந்தியத் தாவரங்கள் பற்றிய நூலில், கஸ்தூரி வேலுக்காகப் படைத்த பேரினம். வைட், மதராசில் பணியாற்றிய கம்பெனி மருத்துவர். பிரிந்த பங்குக்கு முன்பே முறைப்படி வைத்த பெயர் இருந்தால் அதைத்தான் எடுக்க வேண்டும், எடுத்தார்கள்.

பழைய ஆய்வேடுகளில் தேடுவோர் பேரினப் பெயரை மட்டும் நம்பித் தேடினால் பாதி கிடைக்காது. நிலோட்டிகா என்ற பின்சொல்லைப் பிடியுங்கள். மூன்று பெயரிலும் அது மாறவில்லை. சீமைக்கருவேலமும் 2022இல் புரோசோபிஸை விட்டு நெல்டுமா ஆகிவிட்டது. அங்கேயும் ஜூலிஃப்ளோரா அப்படியே இருக்கிறது. வன்னியோ புரோசோபிஸாகவே நிற்கிறது, ஏனென்றால் அந்த வீட்டில் வகைமாதிரி அதுதான்.