மரத்தரையை மூடாதீர்கள்

மதிப்புக்குரிய மன்றத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, இந்தப் பனிக்குள்ளும் நம் அழைப்பை ஏற்று வந்திருக்கும் நகரசபை உறுப்பினர் அம்மா அவர்களே, நூலகப் பொறுப்பாளர் ஐயா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்தோர் சங்கத்துப் பெரியவர்களே, பின்னால் நிற்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம். உறுப்பினர் அம்மா சென்ற வருடமும் வந்து கடைசிப் பாட்டு முடியும்வரை இருந்தவர். அவருக்கு ஒரு கைதட்டல் கொடுங்கள். பிடில் வகுப்புக்கு இடம் தந்த நூலகத்தாருக்கும் ஒன்று.

கனடாவில் நாம் வாழும் இந்தக் கியூபெக் மாகாணத்து மக்களின் பிடில் இசையைப் பற்றி மூன்று விஷயம் பேச வந்தேன்: அது எப்படி வளர்ந்தது, எப்படி வாசிக்கிறார்கள், நம் பிள்ளைகள் அதை எப்படிப் படிக்கலாம்.

1645ஆம் ஆண்டு கியூபெக் நகரத்தில் நடந்த ஒரு கல்யாணத்தில் இரண்டு வயலின்கள் வாசிக்கப்பட்டதாக ஜேசு சபைப் பாதிரிமாரின் குறிப்பேட்டில் இருக்கிறது. அதாவது பிரெஞ்சுக்காரர் இங்கே குடியேறிய தொடக்க காலத்திலேயே வயலினும் வந்துவிட்டது. பிறகு பிரித்தானியர் ஆட்சியில் ஸ்கொட்லாந்துக்காரரும் அயர்லாந்துக்காரரும் தங்கள் ரீல் என்னும் வேகமான ஆட்ட மெட்டுகளோடு வந்தார்கள். இன்று கியூபெக் ரீல் என்று நாம் கேட்பதில் எல்லோருடைய கையும் இருக்கிறது. ‘ஊர் கூடித் தேர் இழு’ என்பார்கள் நம் பெரியவர்கள். நான் எந்த மேடை ஏறினாலும் இதைத்தான் சொல்வேன் என்று உங்களுக்குத் தெரியும்.

இரண்டாவது, வாசிக்கும் விதம். கதிரையில் அமர்ந்து பிடில் வாசிப்பவரின் கால்களைப் பாருங்கள். கெட்டியான அடியுள்ள சப்பாத்து, கீழே ஒரு பலகை. குதிகாலும் முன்பாதமும் மாறி மாறி, இரண்டு காலும் ஓயாமல் தட்டும். பண்ணை வீட்டுக் குசினியில் மேளம் கிடையாது. ஆடுகிறவர்களுக்குத் தாளம் வேண்டும். அதைக் காலே கொடுத்துவிடுகிறது. இங்கே கர்நாடக வயலின் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். பழைய மெட்டுகள் சிலவற்றில் நடுவில் ஒரு தட்டுக் கூடும், அல்லது ஒன்று குறையும். முதலில் தடுமாறும். பயப்படாதீர்கள், அந்தக் காலைக் கவனித்தால் பிடிபட்டுவிடும்.

இந்தத் தட்டைப் பற்றிப் பேசினால் ‘ரீல் து பாந்து’ கதையைச் சொல்லாமல் என்னால் இறங்க முடியாது. தூக்கிலிடப்பட்டவனின் ரீல். கதையைப் பல விதமாகச் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது இது. ஒருவனுக்குத் தூக்குத் தண்டனை. ஊரே திரண்டு நிற்கிறது. கயிறு தொங்குகிறது. அங்கே யாரோ ஒரு பழைய பிடிலைக் கொண்டுவந்து நீட்டுகிறார்கள். அவன் பிறந்த நாளிலிருந்து பிடிலைத் தொட்டதில்லை. தந்திகளோ சுருதி கலைந்து கிடக்கின்றன. ‘இதில் ஒரு மெட்டு வாசி, உயிரோடு போகலாம்’ என்கிறார்கள். கூட்டம் சிரிக்கிறது. அவன் வில்லை ஒரு தரம் இழுக்கிறான். கரகரவென்று ஒரு சத்தம். இன்னொரு தரம் இழுக்கிறான். தந்தியை விரலால் சுண்டிப் பார்க்கிறான். திரும்ப இழுக்கிறான். எங்கிருந்தோ ஒரு மெட்டுப் புறப்படுகிறது. சிரித்தவர்கள் வாயை மூடுகிறார்கள். மெட்டு முடிகிறது, கயிற்றை அவிழ்த்துவிடுகிறார்கள். இன்றும் அந்த ரீலை வாசிக்க வழக்கமான சுருதி உதவாது. தந்திகளை வேறு விதமாகக் கூட்டிக்கொண்டுதான் தொடங்குவார்கள். தூக்குமேடையும் பலகைதானே! அவன் காலும் அந்தப் பலகையில் தட்டியிருக்கும் என்றுதான் நான் நம்புகிறேன்.

ஜோன் கரிஞ்ஞன் என்ற மேதை 1916இல் லெவியில் பிறந்தவர். நம் மொன்றியலில் டாக்ஸி ஓட்டிக்கொண்டே வாசித்தார். ஜோசப் அலார் என்ற மூத்த கலைஞரைக் காதால் கேட்டுப் படித்தவர். 1974இல் கனடா அரசின் விருது அவருக்குக் கிடைத்தது. பாடகி லா போல்துக் அம்மாவையும் சொல்ல வேண்டும். காஸ்பே கடற்கரையில் பிறந்தவர். பிடில், அக்கோர்டியன், மோர்சிங் எல்லாம் வாசிப்பார். சொல்லே இல்லாமல் நாவைச் சுழற்றி மெட்டை வாயாலேயே எழுப்புவார். 1929இலிருந்து அவர் பதிவுசெய்த இசைத்தட்டுகள் வீடு வீடாக ஒலித்தன.

பாட்டுக்கு வருகிறேன். ஒருவர் ஒரு வரி பாடுவார், கூட்டம் அதையே திருப்பிப் பாடும். குளிர்காலத்தில் காட்டில் மரம் வெட்டப் போனவர்கள் இரவில் முகாமில் இப்படித்தான் பாடினார்கள். குரல் நன்றாக இல்லாதவனும் பாடலாம். மொழி தெரியாதவனும் திருப்பிச் சொல்லலாம். எனக்குப் பிரெஞ்சு வாயில் வந்ததே இந்தப் பாட்டுகளால்தான். ஊர் கூடித் தேர் இழு என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

இப்போது நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். நாம் நிற்கும் இந்த மண்டபத்தின் தரை மரத்தரை. துடைக்க வசதி என்று இதன்மேல் ரப்பர் விரிப்பு ஒட்டப் போவதாகக் கடிதம் வந்திருக்கிறது. உறுப்பினர் அம்மா, தயவுசெய்து ஒரு நிமிடம் கேளுங்கள். ரப்பரில் கால் தட்டினால் சத்தம் வராது. சத்தம் வராவிட்டால் பிடில்காரர் வரமாட்டார். அவர் வராவிட்டால் நம் வெள்ளிக்கிழமை இரவு சும்மா தேநீர் குடிக்கும் கூட்டமாகிவிடும். அடுக்குமாடியில் வாழ்கிற நாம் வீட்டில் தட்டவும் முடியாது, கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிடுவார். நமக்கு இருப்பது இந்த ஒரு தரைதான். இதை மெருகேற்றும் செலவில் பாதியை நாங்கள் சேர்த்துத் தருகிறோம். வேலைக்கும் ஆள் தருகிறோம். ஊர் கூடித் தேர் இழுக்கத் தயாராக நிற்கிறது, வடத்தை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

பிள்ளைகள் படிப்பது பற்றிப் பேச நேரம் இல்லை, தலைவர் மணியைத் தொட்டுவிட்டார். விவரம் வேண்டியவர்கள் நூலக ஐயாவிடம் கேளுங்கள். மனுத் தாள் வாசலுக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறது, பேனாவும் இருக்கிறது. கையெழுத்திட்டுவிட்டு, கதிரைகளைச் சுவரோரமாகத் தள்ளுங்கள். பிடில்காரர் சுருதி கூட்டிக்கொண்டிருக்கிறார். முதல் வரியை நான் பாடுகிறேன். நன்றி, வணக்கம்.