சம்பளச் சீட்டின் வலது பக்கம்: பணமில்லாத பல்கலைக்கழகத்தில் சங்கம் என்ன செய்கிறது?

(திரையில்: ஒரு சம்பளச் சீட்டு. பெயரும் எண்ணும் மறைத்தது)

வணக்கம். திரையில் இருக்கும் சீட்டை ஒரு நிமிடம் பாருங்கள். இடது பக்கம் அடிப்படை ஊதியம், அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி. வலது பக்கம் பிடித்தங்கள்: சேமநல நிதி, எல்.ஐ.சி. பிரீமியம், சொசைட்டி கடன், தொழில்வரி, பண்டிகை முன்பணம். யார் கையில் கொடுத்தாலும் கண் இடது பக்கம் போய், அங்கிருந்து நேராக அடியில் இருக்கும் நிகரத் தொகைக்கு இறங்கிவிடும். வலது பக்கத்தை யாரும் படிப்பதில்லை. ஆனால் ஒரு பல்கலைக்கழகத்துக்குப் பணத்தட்டுப்பாடு வந்தால், முதல் ஓட்டை பெரும்பாலும் அந்தப் பக்கத்தில்தான் விழும்.

நான் சிதம்பரத்துக்காரன். எங்கள் ஊரில் மாதக் கடைசியில் மளிகைக்கடைக்காரர், நகைக்கடை சீட்டுக்காரர், ஷேர் ஆட்டோ அண்ணன் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "யூனிவர்சிட்டியில சம்பளம் போட்டாச்சா?" ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கும் அண்ணாமலைநகரில் சம்பளம் தள்ளிப்போனால், இந்தப் பக்கம் நான்கு வீதியிலும் வியாபாரம் படுத்துவிடும். அதனால் பல்கலைக்கழகத்தின் வரவு செலவு எங்களுக்கு ஊர்க்கதை மாதிரி. இன்று நாம் பேசப்போவது, அந்த மாதிரி நேரத்தில் ஊழியர் சங்கம் என்ற ஒன்று உண்மையில் என்ன வேலை பார்க்கிறது, எதைப் பார்க்காமல் விடுகிறது என்பதை.

முதலில் பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம், இது புரியாமல் மற்றது எதுவும் புரியாது.

1929ல் ராஜா சர் அண்ணாமலை செட்டியார் தொடங்கிய இந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகம், வளாகத்திலேயே பாடம் நடத்தி, வளாகத்திலேயே மாணவரைத் தங்கவைக்கும் உறைவிடப் பல்கலைக்கழகம். பெருமையான விஷயம், சரி. ஆனால் கல்லாவுக்கு அதன் அர்த்தம் வேறு. சென்னைப் பல்கலைக்கழகம் மாதிரி இடங்களுக்கு, இணைந்திருக்கும் கல்லூரிகளிடமிருந்து இணைப்புக் கட்டணம், தேர்வுக் கட்டணம் என்று வருமானம் வரும். இங்கே வெகுகாலம் இணைந்த கல்லூரியே இருந்ததில்லை. 2021ல்தான் சட்டத்தைத் திருத்தி விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர் பக்கத்துக் கல்லூரிகளை இதோடு சேர்த்தார்கள். அதுவரை பெரிய வரவு தந்தது 1979ல் ஆரம்பித்த தொலைதூரக் கல்வி. எங்கள் வீட்டிலேயே இரண்டு பேர் அதில் பட்டம் வாங்கியவர்கள். பிறகு யு.ஜி.சி., அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, எல்லை வகுத்தது, உன் மாநிலத்துக்கு வெளியே படிப்பு மையம் நடத்தாதே என்றது, அங்கீகாரத்திலும் சிக்கல் வந்தது, வரவு சுருங்கியது.

செலவு சுருங்கவில்லை. 12,000 பேருக்கு மேல் வேலையில் இருந்தார்கள். 2012 கடைசியில் சம்பளக் குறைப்பு, ஆள்குறைப்பு என்று பேச்சு எழுந்ததும் ஊழியர்கள் போராட்டத்தில் இறங்க, பல்கலைக்கழகத்தை மூடும் நிலை வந்தது. 2013 ஏப்ரலில் தமிழக அரசு சிவ்தாஸ் மீனா என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரியை நிர்வாகியாக அனுப்பியது, அதே ஆண்டு தனிச் சட்டம் போட்டு முழுதாகத் தன் கையில் எடுத்துக்கொண்டது. அதன்பின் 'மிகைப் பணியாளர்' என்று ஒரு சொல் எங்கள் ஊரில் புழக்கத்துக்கு வந்தது. தேவைக்கு மேல் இருந்தவர்களை அரசுக் கல்லூரிகளுக்கும் மற்ற துறைகளுக்கும் டெபுடேஷனில், அதாவது மாற்றுப்பணியில், அனுப்பினார்கள், அதுவும் ஆயிரக்கணக்கில். மருத்துவக் கல்லூரியோ, அரசுக் கட்டணம் கேட்டு மாணவர்கள் நடத்திய நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 2021ல் சுகாதாரத் துறைக்குப் போனது.

இது எங்கள் ஊர் கதை மட்டும் கிடையாது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் மாதக்கணக்கில் சம்பளம் தாமதமாகி ஊழியர்கள் உட்கார்ந்து போராடினார்கள். 2024 பிப்ரவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளையே வருமான வரித்துறை முடக்கியது.

(திரையில்: சிதம்பரம் முதல் காலாப்பட்டு வரை கடலோர வரைபடம்)

இங்கிருந்து கடலூர் தாண்டி, புதுச்சேரியும் தாண்டி வடக்கே போனால் காலாப்பட்டு. அங்கே இருக்கும் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் 1985ல் நாடாளுமன்றச் சட்டத்தில் பிறந்தது, யு.ஜி.சி. வழியாக மத்திய அரசுப் பணம் வருகிறது. ஒரே கடற்கரை, ஒரே உப்புக்காற்று, ஆனால் பற்றாக்குறையின் முகம் வேறு. பொதுவாக மத்தியப் பல்கலைக்கழகங்களில் சம்பளம் நிற்பது அபூர்வம். காலியிடம் நிரம்பாது, ஒப்பந்த ஆள் கூடுவார், மூன்று பேர் வேலையை ஒருவர் பார்ப்பார். அங்கே இருக்கும் சங்கம் சம்பளத் தேதிக்காகச் சண்டை போட வேண்டியதில்லை, காலி நாற்காலிக்காகப் போட வேண்டும்.

சரி, சங்கம் என்ன செய்யும்? வாயிற்கூட்டம், கருப்பு பேட்ஜ், தர்ணா, இதெல்லாம் பேப்பரில் படமாக வரும். தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் படம் பிடிக்க முடியாத வேலை ஒன்று இருக்கிறது: கணக்குக் கேட்பது.

என் உறவில் ஒரு அக்கா. எந்த நிறுவனம் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கத்தில், அதாவது சொசைட்டியில், பெண்ணின் கல்யாணத்துக்குக் கடன் வாங்கியிருந்தார். மாதாமாதம் தவணை சம்பளத்திலேயே பிடித்தமாகிவிடும், அவருக்கு ஒரு கவலையும் இல்லை. ஒரு நாள் ஜாமீன் போட்ட கூட்டாளிக்கு சொசைட்டியிலிருந்து நோட்டீஸ். கடன் பாக்கி, வட்டி, அபராத வட்டி. பக்கத்து மேஜைக்காரர், பதினைந்து வருடம் ஒன்றாக டீ குடித்தவர், அன்றிலிருந்து பேசவில்லை. என்ன நடந்தது? நிர்வாகம் அக்காவின் சம்பளத்தில் பிடித்தது, ஆனால் பிடித்த பணத்தை சொசைட்டிக்குக் கட்டவில்லை. நிகரத் தொகையை எப்படியாவது திரட்டிப் போட்டுவிட்டால் கூச்சல் வராது என்று, வலது பக்கத்துப் பணத்தை இடது பக்கத்துக்குத் திருப்பியிருக்கிறார்கள்.

நினைத்துப் பாருங்கள், சம்பளம் வராவிட்டால் அன்று மாலையே ஊருக்குத் தெரியும், பிடித்த பணம் போய்ச் சேராவிட்டால் ஒரு வருடம் ஆனாலும் தெரியாது. எல்.ஐ.சி. பாலிசி காலாவதியாகும், வங்கிக் கடனாக இருந்தால் சிபில் மதிப்பெண் விழும், சேமநல நிதியில் முன்பணம் கேட்டுப் போகும்போதுதான் இருப்பே இல்லை என்பது வெளியே வரும்.

அந்த நிறுவனத்துச் சங்கத்தில் செயலாளராக இருந்தவர் ஒரு காரியம் செய்தார். பிரிவு பிரிவாகப் போய், இருநூறு பேருடைய சம்பளச் சீட்டு நகலையும் சொசைட்டி பாஸ்புக்கையும் வாங்கி, நோட்டில் கோடு போட்டு இரண்டு பத்தியாக எழுதினார்: பிடித்தது, கட்டியது. அவ்வளவுதான். அந்த நோட்டோடு பேச்சுவார்த்தைக்குப் போன அன்று நிதி அலுவலர் பேச்சே மாறியது என்று அக்கா சொல்வார். "கோஷம் போட்டா காதைப் பொத்திக்கலாம் தம்பி, நோட்ட காட்டினா கண்ண மூட முடியுமா?" என்று கேட்பார். முழுதும் தீரவில்லை, ஆனால் கட்டாத தொகைக்கான அபராத வட்டியை ஊழியர் தலையில் வைக்கமாட்டோம் என்று எழுத்தில் வந்தது.

இங்கே ஒரு தீர்ப்பைச் சொல்லியாக வேண்டும். தில்லி மின்வாரிய ஊழியர் ஒருவருக்கு இதே கதை. சம்பளச் சேமிப்புத் திட்டத்தில் பிரீமியம் நிறுவனம் வழியாகப் போக வேண்டும், போகவில்லை, அவர் இறந்துவிட்டார், பாலிசி காலாவதி என்று பணம் மறுத்தார்கள். 1999ல் உச்ச நீதிமன்றம், பிரீமியம் வசூலிப்பதில் அந்த நிறுவனம் எல்.ஐ.சி.யின் முகவர் மாதிரிதான் நடந்திருக்கிறது, அது தவறியதற்கு ஊழியரின் மனைவி ஏன் நஷ்டப்பட வேண்டும், எல்.ஐ.சி. பொறுப்பேற்க வேண்டும் என்றது. இதைத் தெரிந்துவைத்திருக்கும் ஒரு சங்கச் செயலாளர் பத்து ஆர்ப்பாட்டத்துக்குச் சமம்.

கணக்கு எங்கே கிடைக்கும்? தமிழ்நாட்டில் மாநிலப் பல்கலைக்கழகங்களை உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை தணிக்கை செய்கிறது. அது எழுப்பும் தடைகள், அதாவது கணக்கின் மேல் சொல்லும் ஆட்சேபங்கள், நிலுவையில் கிடந்தால், அதையே காரணம் காட்டி அரசு மானியத்தைக் குறைக்கும் என்பதால், அந்த அறிக்கை சங்கத்துக்கு ஜாதகம் மாதிரி. 2005ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு, 10 ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், 30 நாளில் பதில் தர வேண்டும். சட்டத்தின் 4ஆம் பிரிவின்படி பட்ஜெட் விவரத்தை நாம் கேட்காமலே அவர்களே வெளியிட்டிருக்க வேண்டும். எத்தனை இடத்தில் வெளியிட்டிருக்கிறார்கள் என்பது வேறு கதை.

அடுத்த சிக்கல், ஒரே வளாகத்தில் பத்து சங்கம். ஆசிரியருக்கு ஒன்று, ஆசிரியரல்லாதவருக்கு ஒன்று, அதில் உடைந்தது இரண்டு, ஓய்வூதியர் தனி, தொகுப்பூதியக்காரர் தனி. இதில் சாதி, கட்சி எல்லாம் உண்டு, ஆனால் சட்டமும் ஒரு காரணம். 1978ல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதி அமர்வு, கல்வி நிறுவனமும் தொழிலாளர் சட்டத்தில் இருக்கும் 'தொழில்' என்ற வரையறைக்குள் வரும் என்றது. அதைப் பிடித்துக்கொண்டு கிளார்க்கும் தோட்டக்காரரும் தொழில் தகராறு எழுப்ப முடிந்தது. ஆனால் 1988ல் கோவாவைச் சேர்ந்த ஒரு ஆசிரியையின் வழக்கில், ஆசிரியர் 'தொழிலாளி' ஆகமாட்டார் என்றது அதே நீதிமன்றம். ஆக, ஒரே பதிவாளரிடம் சம்பளம் வாங்கும் இரண்டு பேருக்கு இரண்டு வழி. ஒருவர் தொழிலாளர் துறைக்குப் போகலாம், இன்னொருவர் ரிட் மனுவோடு உயர்நீதிமன்றம் போக வேண்டும். நெருக்கடி முற்றும்போது கூட்டு நடவடிக்கைக் குழு என்று ஒன்று போடுவதே இந்தப் பிளவை ஒட்டவைக்கத்தான். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் 'ஸ்டாஃப் கவுன்சில்' என்று ஒன்று உண்டு, நிர்வாகத்துக்கு ஆலோசனை சொல்லும், சம்பளப் பேரம் பேசாது. நம் ஊரில் அதற்கு நேர் எதிர், பேரம் மட்டும் பேசத் தெரியும், ஆலோசனை கேட்க யாரும் கூப்பிடவும் மாட்டார்கள், கூப்பிட்டாலும் நாம் பட்ஜெட் படித்துவிட்டுப் போக மாட்டோம்.

பணிநிரவலுக்கு, அதாவது மிகைப் பணியாளரை வேறு இடங்களுக்கு அனுப்புவதற்கு, வருவோம். இதில் சங்கத்தின் கை சுத்தமா என்பது வெட்டவெளிச்சமாகும். யாரை அனுப்புவது என்ற பட்டியல், பணிமூப்பா, இளையவர் முதலிலா, கணவன் மனைவி இருவரும் அங்கேயே வேலை பார்த்தால் என்ன, டயாலிசிஸ் செய்துகொள்பவரை எங்கே அனுப்புவது, இதையெல்லாம் கலந்தாய்வில் எல்லார் முன்னாலும் வைத்து முடிவு செய்யுங்கள் என்று சங்கம் கேட்கலாம். அல்லது நிர்வாகிகளின் பெயர் மட்டும் பட்டியலில் வராமல் பார்த்துக்கொள்ளலாம். இரண்டு வகைச் சங்கமும் நாட்டில் உண்டு, எது எது என்று உறுப்பினருக்கு நன்றாகத் தெரியும். வெளியே அனுப்பப்பட்டவர் நிலைமை திரிசங்கு: வேலை ஒரு இடம், பணிப்பதிவேடு வேறு இடம், இங்கே கேட்டால் அங்கே என்பார்கள். பதவி உயர்வு, நிலுவை, விடுப்புச் சரண் எதுவாக இருந்தாலும் அவருக்காக இங்கே கோப்பைத் தேடித் தள்ளுவதற்கு ஒரு ஆள் வேண்டும். நான் பார்த்தவரை நல்ல சங்கக்காரர் ஒருவரின் நாளில் பாதி, கோப்பு எந்த மேஜையில் தூங்குகிறது என்று கண்டுபிடிப்பதில்தான் போகிறது.

ஓய்வு பெற்றவர்கள் இன்னும் பாவம். வேலைநிறுத்தம் செய்ய அவர்களுக்கு வேலையே இல்லை. அவர்களுக்கு இருக்கும் பிடி, 1982 டிசம்பர் 17ல் நகரா வழக்கில் வந்த தீர்ப்பு: ஓய்வூதியம் முதலாளி மனமிரங்கிப் போடும் பிச்சை கிடையாது, உழைத்ததற்கான உரிமை. அந்தத் தேதியைத்தான் ஓய்வூதியர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். தமிழ்நாட்டு அரசு வேலைக்கு 2003 ஏப்ரலுக்குப் பிறகு வந்தவர்களுக்கு அந்தப் பழைய ஓய்வூதியத்தை நிறுத்திவிட்டு, பங்களிப்புத் திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். அதற்கும் சம்பளத்தில் 10 சதவீதம் பிடித்தார்கள். மறுபடியும் வலது பக்கம்.

இப்போது கொஞ்சம் கசப்பாகச் சொல்கிறேன், சங்க நண்பர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஆள் தேவைக்கு மேல் எடுக்கும் காலத்தில் எந்த ஊரிலும் சங்கம் வாயிற்கூட்டம் போடாது. ஏன் என்றால் புதிதாக வருபவர் மச்சினன் மகனாக இருப்பான், சந்தாவும் கூடும். பற்றாக்குறை வந்த பிறகு, "நிர்வாகச் சீர்கேடு" என்று பேனர் அடிப்போம். அதே மாதிரி, பணம் குறைவாக இருக்கும் மாதம் யாருக்கு முதலில் சம்பளம் என்ற கேள்வி வந்தால், கழிப்பறை கழுவும் தினக்கூலி அக்காவுக்கு முதலில் போடு, பேராசிரியர் பத்து நாள் பொறுப்பார் என்று தீர்மானம் போட்ட சங்கம் எத்தனை இருக்கும்? தினக்கூலிக்காரர் பெரும்பாலும் உறுப்பினரே கிடையாது. சந்தா கட்டாதவருக்கு யார் பேசுவது?

சந்தா என்றதும் ஞாபகம் வருகிறது. நிர்வாகத்திடம் தணிக்கை அறிக்கை கேட்கும் சங்கத்திடம், உங்கள் சங்கத்தின் வரவு செலவைக் காட்டுங்கள் என்று பொதுக்குழுவில் ஒருமுறை எழுந்து கேட்டுப் பாருங்கள். அந்த நோட்டு எழுதிய செயலாளரிடம் அக்கா கேட்டாராம். அவர் சிரித்துவிட்டு, பையிலிருந்து இன்னொரு நோட்டை எடுத்து நீட்டினாராம். டீ செலவு, ஜெராக்ஸ், மதுரைக்குப் போய்வந்த பேருந்து டிக்கெட், வக்கீலுக்குக் கொடுத்த முன்பணம், எல்லாம் தேதி போட்டு.

அடுத்த வீடியோவில் ஒரு தணிக்கை அறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு, எந்தப் பக்கத்தில் எதைத் தேடுவது என்று பார்க்கலாம். அதற்குள் வீட்டில் யாராவது மாதச் சம்பளக்காரர் இருந்தால், அவருடைய சீட்டின் வலது பக்கத்தையும் பாஸ்புக்கையும் பக்கத்தில் வைத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். மேலவீதியில் கொத்சு தீர்ந்துவிடும், நான் கிளம்புகிறேன்.